ஸ்டாஃப் ரூம் இல்லாத பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, மணி அடிப்பவர், தரையைப் பெருக்குபவர் எல்லாம் ஒரே ஆள்தான். மாணவியும் ஒருத்திதான். பள்ளி நடந்த இடம் நாலாவது மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசை. காலையில் மேசையைத் துடைத்ததும் பள்ளி திறக்கும். மத்தியானம் தட்டு வைக்க இடம் வேண்டுமென்றால் உலகப்படம் எழுந்து சோபாவுக்குப் போக வேண்டும். முறைப்படி அனுமதி வாங்கித்தான் நடத்தினார்கள், அதனால் சட்டத்துக்கு இதில் ஒரு புகாரும் கிடையாது. புகாரெல்லாம் ஆசிரியையிடம்தான் இருந்தது. அதைக் காதில் வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஆசிரியைக்குக் கன்ட்ரோல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, டாக்சி டிரைவர்கள் வைத்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஒரு டாக்சி கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவள். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று மைக்கில் சொல்ல வேண்டும். சொல்வது கொஞ்சம், திட்டுவது மிச்சம். ‘இதோ முனையில திரும்பிட்டேன்’ என்று ஒரு டிரைவர் சொன்னால், பின்னால் கேட்கும் டம்ளர் சத்தத்தை வைத்தே அவன் இன்னும் டீக்கடையை விட்டு எழவில்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். டிரைவர்களுக்கு அவள் மேல் பயமும் உண்டு, பிரியமும் உண்டு. கன்ட்ரோல், கன்ட்ரோல் என்று அவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கட்டிய கணவரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அந்த வேலை அவளுக்கு ஒரு நாளும் அலுத்ததில்லை. ஒரு டிரைவரை வெளுத்து வாங்கி முடித்ததும், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரியிடம் திரும்பி, அவனைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை பேசலாம். பக்கத்து நாற்காலிக்காரியும் தன் பங்குக்கு ஒரு ஆளை இழுத்துப் போட்டுத் துவைப்பாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டு மறுபடி மைக்கை எடுப்பார்கள். தன்னை அத்தனை வருஷம் ஓட வைத்தது சம்பளம் மட்டுமில்லை, அந்த நாலு வார்த்தையும்தான் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வேலையை விடவைத்தது மகளின் வயிறு. அந்தப் பெண் எட்டு வயது வரைக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போய்வந்தவள்தான். பிறகு காலையில் ஷூவைப் போடும்போது வயிறு வலிக்க ஆரம்பித்தது. டாக்டர் அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். அந்த வலியும் ஒழுங்கான வலி. ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளும், முழுப்பரீட்சை விடுமுறையில் ஊரிலேயே இருக்காது. வகுப்பறைக் கூச்சலும், கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டிய பயமும் சேர்ந்து அந்தச் சின்ன வயிற்றைப் பிசைகின்றன என்று புரிந்துகொள்ள வீட்டில் கொஞ்ச காலம் ஆயிற்று. புரிந்த அன்றைக்கே கன்ட்ரோல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். வீட்டிலேயே படிக்கட்டும், நானே சொல்லித்தருகிறேன் என்றாள். அடுத்த வாரமே வலி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டு ஏறி இறங்குபவை. அவர் உடனே சரி என்றார். அவருடைய அக்காதான் சரி என்று சொல்லவில்லை. அக்கா பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். தலை நரைத்த பிறகும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். ‘தனியா ஒரு ஆளால இது முடியாதும்மா, ஒரு வருஷம் தாங்காது’ என்று மட்டும் சொன்னாள். அதைக் கன்ட்ரோல் சவாலாக எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து ஆரம்பித்தது வினை.

அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் தம்பி வீட்டுக்கு வருவாள். அவள் வருகிற நேரம் பார்த்து மேசையில் உலக உருண்டை தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சுவரில் இலைகளின் படம் ஏறியிருக்கும். மகள் ஒரு பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பாள். ‘எப்படிப் போகுது?’ என்று அக்கா கேட்பாள். ‘பிரமாதமா போகுதுக்கா’ என்பாள் கன்ட்ரோல். அக்கா ஏனோ முகம் வாடித் தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பாள். தோற்றுப்போன முகம் என்று கன்ட்ரோலுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

முதல் வருஷம் உண்மையிலேயே பறந்தது. இரண்டாவது வருஷம் பின்னக்கணக்கு வந்து சேர்ந்தது.

கன்ட்ரோல் சின்ன வயதிலேயே பின்னத்தைக் கைகழுவியவள். முக்காலில் அரைக்கால் எவ்வளவு என்று புத்தகம் கேட்டால், அது யாருக்கு வேண்டும் என்றுதான் அவளுக்குத் திருப்பிக் கேட்கத் தோன்றும். ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் நாக்குத் தள்ளியது. டீச்சர் கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து மாணவி விட்டாள். அதைப் பார்த்து டீச்சர் மறுபடி விட்டாள். சில நாள் கணக்குப் பாடம் முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கலிலேயே முடிந்தது. பிறகு ‘நூலக நேரம்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். மாணவி கதைப் புத்தகம் படிப்பாள், டீச்சர் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு அதை மேற்பார்வை பார்ப்பாள். முதலில் நாளுக்கு ஒருமுறை இருந்த நூலக நேரம் போகப்போகக் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மருந்து மாதிரி மூன்று வேளையாகிவிட்டது.

ஆறுதலுக்கு ஒரு போன் குழு இருந்தது. வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அம்மாக்கள் சேர்ந்த குழு. ஒருவருக்கொருவர் உற்சாகம் கொடுப்பதற்காக ஏற்பட்டது. உற்சாகம் என்றால் அப்படி இப்படி இல்லை. ஒரு அம்மா, மகன் செய்த எரிமலை புகை விடுவதைப் படம் எடுத்துப் போடுவாள். இன்னொரு அம்மாவின் பையன் பழைய கடிகாரங்களைப் பிரித்து மாட்டிவிடுவானாம். காலையில் எழுந்ததும் கன்ட்ரோல் இதையெல்லாம் ஒன்று விடாமல் பார்ப்பாள். சும்மா இருந்தால் மானம் போய்விடும் என்று அவளும் போடுவாள். மகள் சோபாவுக்கு அடியில் பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்திருக்கும் படத்தைப் போட்டு, ‘ஆராய்ச்சியில் மூழ்கிய என் செல்லம்’ என்று எழுதினாள். கைதட்டல்கள் வந்து குவிந்தன. உண்மையில் அந்தச் செல்லம் தேடிக்கொண்டிருந்தது அம்மாவின் கம்மல் திருகை.

குழுவில் யோசனைகளுக்கும் பஞ்சமில்லை. எரிமலை அம்மா சொன்னாள் என்று, ‘நான் பொறுமையின் கடல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போன லிஃப்ட்காரர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, கடலில் புயல் எதுவும் உருவாகியிருக்கிறதா, எந்தப் பக்கம் கரையைக் கடக்கும் என்று கேட்டார். அவர் பக்கம்தான் கடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளால் முடியவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மகள் ஏழாவது தடவையாக அதே கணக்கைத் தப்பாகப் போட்டாள், அவ்வளவுதான். கன்ட்ரோல் பேசாமல் எழுந்து போய், மகள் முன்பு படித்த பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். இடம் இருக்கிறதா என்று கேட்டாள். திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். போனை வைத்ததும் அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்ததும் அழுகை வந்தது. மகள் அங்கே போனால் வயிறு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை பெற்றோர் சந்திப்பு. இதுவும் எரிமலை அம்மாவின் யோசனைதான். அப்பாவையும் படிப்பில் ஈடுபடுத்த வேண்டும், அதற்கு முறைப்படி ஒரு சந்திப்பு வையுங்கள் என்று எழுதியிருந்தாள். கன்ட்ரோல் போன வாரமே கணவரிடம் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமையோடு மூடப்போகிற பள்ளிக்கு எதற்குச் சந்திப்பு என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் மனிதர் அரை நாள் லீவு போட்டு, சட்டையை இஸ்திரி செய்து மாட்டிக்கொண்டு வந்து, குட்டி ஸ்டூலில் முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மகள் கைகட்டி நின்றாள்.

டீச்சர் குரலை மாற்றிக்கொண்டு பேசினாள். பிள்ளை கெட்டிக்காரி, தமிழ் நன்றாக எழுதுகிறாள், ஆனால் கணக்கில் கவனம் போதாது, வீட்டுப்பாடம் செய்வதே இல்லை என்றாள். லிஃப்ட்காரர் நல்ல தகப்பனாகத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு எல்லாத் தகப்பன்மாரும் பெற்றோர் சந்திப்பில் உட்கார்ந்து சொல்வதைச் சொன்னார்.

"நான் என்ன டீச்சர் பண்றது, காலையில வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வர்றேன். வீட்ல இவ அம்மா சரியா கவனிக்கிறதில்ல."

மகள் களுக்கென்று சிரித்தாள். கன்ட்ரோலுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நல்ல நகைச்சுவைதான். மூன்று பேரும் சிரித்தார்கள். இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள், அவளால் மட்டும் நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. எழுந்தாள். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் மிஷின் வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வெளியே தகப்பன் முகத்தில் ஈயாடவில்லை. பெண்டாட்டியைச் சமாதானம் செய்ய அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவது ஒன்றுதான். மூடிய கதவைப் பார்த்ததும் வாயில் அதுவே வந்துவிட்டது. பயப்படாதீர்கள், நாங்கள் வெளியேதான் இருக்கிறோம், கதவைத் தள்ள வேண்டாம், உள்ளே காற்று வரும் என்று தெளிவாக, அன்பாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அந்த வரிசையில் வரும் கேள்வியையும் கேட்டுவிட்டார்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒருத்திதான். ரெண்டு வருஷமா ஒருத்திதான் இருக்கேன்" என்றாள் கன்ட்ரோல்.

அந்தப் பதிலுக்கு அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. சனிக்கிழமை. அக்கா.

துணி துவைக்கிறாள் என்று தம்பி அசடு வழியச் சொன்னது உள்ளே கேட்டது. துவைக்கிற மிஷின் சத்தத்தைக் காணோமே என்று அக்கா கேட்டதும் கேட்டது. கணக்கு டீச்சரிடம் பொய் சொல்லிப் பிழைக்க முடியுமா? காலடிச் சத்தம் நேராக அந்தக் கதவுக்கு வந்தது. இனி பூசி மெழுகிப் புண்ணியமில்லை என்று கன்ட்ரோலுக்குத் தோன்றிவிட்டது. கதவுக்கு உள்ளிருந்தே எல்லாவற்றையும் கொட்டினாள். நீங்கள் சொன்னதுதான் நடந்தது, நீங்களே ஜெயித்தீர்கள், எனக்குப் பின்னக்கணக்கு வராது, பொறுமையும் வராது, வகுப்பில் தூங்குகிறேன், பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுபோய்ச் சேர்க்கப்போகிறேன், இனிமேல் நீங்கள் எப்படிப் போகுது என்று கேட்கவே வேண்டாம். ஒரே மூச்சில் இவ்வளவும் சொன்னாள். டிரைவர்கள் கேட்டிருந்தால் வண்டியை ஓரங்கட்டியிருப்பார்கள்.

"சரி, கதவத் திற. கால் வலிக்குது, உக்காரணும்" என்றாள் அக்கா.

தாழ்ப்பாளை நீக்கினாள். அக்காவின் தோளுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தது தெரிந்தது. அழவில்லை. ஒரு கை மட்டும் வயிற்றின் மேல் இருந்தது. கன்ட்ரோல் அதைப் பார்த்தாள். அதற்குள் அக்கா உள்ளே நுழைந்து கதவை மூடித் தானே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

அறையில் ஒரு ஆள் நிற்கலாம். இன்னொரு ஆள் வேண்டுமென்றால் முதல் ஆள் மிஷின் மேல் ஏற வேண்டும். கன்ட்ரோல் மிஷின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, பெருமூச்சு விட்டாள். அறிவுரை வரப்போகிறது என்று கன்ட்ரோல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது வேறு.

அக்கா தன் வகுப்புப் பிள்ளைகளைத் திட்ட ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சில் ஒருவன் இருக்கிறான், பின்னம் என்றாலே மூத்திரம் வருகிறது என்று கிளம்பிவிடுகிறான். இன்னொருத்தி எந்தக் கணக்கு கொடுத்தாலும் விடை ஏழு என்று எழுதுகிறாள், அதில் சிலசமயம் சரியாகவும் வந்து தொலைக்கிறது. தலைமையாசிரியர் இருக்கிறாரே, அவருக்குக் கூட்டம் போட வேண்டும், கூட்டத்தில் அடுத்த கூட்டம் எப்போது என்று பேச வேண்டும். போன புதன்கிழமை வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நின்றபடியே தானும் ஒரு நிமிஷம் தூங்கிவிட்டதாகவும், எழுதுவது போலச் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சமாளித்ததாகவும் சொன்னாள். கன்ட்ரோல் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். இந்த மனுஷியை ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை.

"இதெல்லாம் ஸ்கூல்ல எங்கக்கா பேசுவீங்க?"

"ஸ்டாஃப் ரூம்லதான். வேற எங்க? அந்த ரூம் மட்டும் இல்லன்னா நாங்கள்லாம் என்னைக்கோ ஓடிப்போயிருப்போம்" என்றாள் அக்கா. "தனியா முடியாதுன்னு நான் சொன்னது உன்னால முடியாதுன்னு இல்லம்மா. தனியா யாராலயும் முடியாது. வாராவாரம் எப்படிப் போகுதுன்னு கேட்டேன். ஒரு வாரமாவது வாயத் திறந்து திட்டுவன்னு பாத்தேன். நீ பிரமாதம்னுவ. நான் வீட்டுக்குப் போயி, இத்தனை வருஷம் டீச்சரா இருந்து எனக்கு ஒரு நாள்கூட பிரமாதமா போகலையே, நான் என்ன டீச்சர்னு நெனச்சுக்குவேன்."

கன்ட்ரோலுக்குக் கோபம், வெட்கம், நிம்மதி எல்லாம் ஒன்றாக வந்தன. தோற்றுப்போன முகம் என்று தான் கொண்டாடியது இதைத்தானா? வெளியே இருந்தவர்கள் காதைக் கதவில் வைத்துக் கேட்டபோது, உள்ளே இரண்டு பெண்கள் குரல் எழுப்பிச் சண்டை போடுவது போல இருந்ததாம். சண்டை இல்லை, பின்னக்கணக்கைக் கண்டுபிடித்தவனை இரண்டு பேரும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். போகும்போது அக்கா, சனிக்கிழமை தோறும் பின்னம் தன் பொறுப்பு, அதற்குமுன் அரைமணி நேரம் இந்த அறையில் டீ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உன் பள்ளிக்கூடம், நீ தலைமையாசிரியை என்பது போல விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கன்ட்ரோல் போன் குழுவில் எழுதினாள். ‘என் வகுப்பில் முதலில் தூங்குவது நான்தான். ஆராய்ச்சிப் படம் பொய், அவள் கம்மல் திருகைத் தேடினாள்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். எடுத்துப் பார்த்தபோது குழு பற்றி எரிந்துகொண்டிருந்தது. எரிமலை முழுக்க முழுக்க அப்பா செய்ததாம், பையன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். கடிகாரப் பையன் பிரித்தது உண்மைதானாம், மாட்டியதுதான் இல்லையாம், வீட்டில் மணி என்ன என்று யாருக்குமே தெரியவில்லையாம். அத்தனை அம்மாக்களும் மாறி மாறிப் புலம்பியதைப் படித்தபோது அவளுக்கு வந்த உற்சாகத்தை எந்தக் கைதட்டலும் அதுவரை தந்ததில்லை.

ஆனாலும் திங்கட்கிழமை விடிந்தது. கன்ட்ரோல் கண் விழித்தபோது மகள் கட்டில் பக்கத்தில் தலை வாரி, பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஷூ பிடிக்கவில்லை, குதிகால் வெளியே இருந்தது.

"ஸ்கூலுக்குப் போகணும்னா இப்பவே சொல்லிடும்மா. வயித்த ரெடி பண்ணிக்கணும்."

கன்ட்ரோல் போர்வையைத் தள்ளினாள். எழுந்து உட்கார்ந்து, குனிந்து அந்த ஷூவை அவளே கழற்றினாள். பிரமாதம் என்று ஆரம்பிக்கப் போன நாக்கைப் பிடித்து நிறுத்தினாள்.

"போக வேணாம். எனக்கு அலுப்பா இருக்கு, கணக்கு சுத்தமா பிடிக்கல, சில நாள் உன்னையே பிடிக்கல. ஆனா உன்ன அனுப்புறதா இல்ல. இனிமே அலுப்பு வந்தா அத்தைகிட்ட சொல்லிக்கிறேன்."

மகள் இதை ஆற அமர யோசித்தாள்.

"நல்லது. நானும் உன்னப்பத்தி அப்பாகிட்ட தினம் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

கன்ட்ரோல் திரும்பிப் பார்த்தாள். அடுத்த பக்கம் படுத்திருந்த லிஃப்ட்காரர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அப்படி என்ன புகார் என்று கேட்டாள். கொட்டாவியா, நூலக நேரமா, ஏழு தடவை ஒரே கணக்கா?

"அதெல்லாம் பரவாயில்லம்மா. நீ சந்தோஷமா இருக்கற மாதிரி நடிக்கிற பாரு, அதத்தான் தாங்க முடியல."

அன்றைக்குப் பின்னக்கணக்கை இரண்டு பேரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை, மாணவியும் சிரிக்கவில்லை, புத்தகத்தை மட்டும் இருவரும் சேர்ந்து முறைத்தார்கள். மத்தியானம் வரைக்கும் யாருக்கும் கொட்டாவி வரவில்லை.